சேற்றின் ஓரம் ஏன் பழுத்தது?

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகள், கடல்நீரேரிப் பக்கத்து வயற்குளத்தின் அடிச்சேற்றைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். காலையில் பச்சை கலந்த சாம்பல் நிறம். மதியத்துக்குள் ஓரமெல்லாம் மஞ்சட்பழுப்பு. விளக்கின் சூடு மண்ணைக் கருக்கிவிட்டதா, ஐயா?
- வாசகி, நாவற்குழி

பதில்: விளக்கின் மேல் பழி போடாதீர்கள், தங்கச்சி. செங்கல் சூளையின் வேலையை அந்தச் சின்ன விளக்கு செய்யாது. வழுக்கியை, அதாவது சேறு வைத்த கண்ணாடித் தகட்டை, கொஞ்சம் உலர்த்தி, காற்றுக்கு வழி விட்டிருக்கலாம், அவ்வளவுதான். நிறத்தை மாற்றியது ஒட்சிசன்.

ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே குளத்தடியில் அதற்குப் பஞ்சம். அங்குள்ள சில பற்றீரியாக்கள் உணவைச் சிதைக்கும்போது மிஞ்சும் இலத்திரன்களைக் களிமண் துணிக்கையின் தாள் போன்ற மெல்லிய படலங்களுக்குள் இருக்கும் இரும்பின் மேல் இறக்கிவிடுகின்றன. இலத்திரன் பெற்ற இரும்பும் பெறாத இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்த நீலப்பச்சை தோன்றும். இரும்பு மிகுந்த நொன்ரொனைற்று என்ற களிக்கனியத்தை, இலத்திரன் கொடுக்கும் சோடியம் டைதயோனைற்றுக் கரைசலில் இட்டால், ஆய்வுகூடத்திலேயே இந்த நிறமாற்றத்தைப் பார்க்கலாம்.

வழுக்கியில் காற்று ஓரத்திலிருந்துதான் உள்ளே நுழையும். அதனால் ஓரம் முதலில் பழுக்கிறது. படலங்களின் இரும்பு இலத்திரனை இழப்பது ஒரு பங்கு. சேற்றுநீரில் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படிவது மறு பங்கு. இரண்டையும் அந்த நுணுக்குக்காட்டியில் பிரித்தறிய முடியாது. களித்துணிக்கை 0.002 மில்லிமீற்றருக்கும் சிறியது. மகள் கண்டது துணிக்கைகளின் கூட்டத்தை. தனிப் படலத்தின் விளிம்பைப் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.

சேறு மணத்ததா என்று நீங்கள் எழுதவில்லையே! கடல்நீரின் சல்பேற்று கலந்த இடத்தில் கறுப்புநிற இரும்புச் சல்பைட்டும் உண்டாகும். கூழ்முட்டை நாற்றமும் கறுப்புத் திட்டுகளும் இருந்திருந்தால், பழுப்பின் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததென்றே நான் சந்தேகிப்பேன். அது காற்றுப் பட்டதும் மளமளவென்று மாறும்.

மகளிடம் ஒரே கட்டியிலிருந்து இரண்டு வழுக்கிகள் செய்யச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய நீரில் ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித்துண்டை வைத்து, ஒன்றின் நான்கு ஓரங்களையும் கியூட்டெக்ஸ் பூசி அடைக்கட்டும். மற்றதைத் திறந்தே விடட்டும். இரண்டுக்கும் ஒரே விளக்கு. அடைத்தது பச்சையாகவே நின்றால் விளக்கு குற்றவாளி அல்ல. உள்ளே காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் அதைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் வரக்கூடும். வந்தால் அதையும் கொப்பியில் வரையட்டும்.