பின்பக்கத்துச் சாய்தளம்

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன். இறுதித் திட்டமாக ஒரு பொது நூலகத்தை வடிவமைத்து வருகிறேன். பொதுக்கட்டடங்களுக்கான நல்ல வடிவமைப்புக் கொள்கைகள் எவை? உறுதி, பயன், அழகு என்று பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் வகுத்த மூன்றும் இன்றும் போதுமானவையா? பொதுக்கட்டடம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் முகப்பின் முழு அகலத்துக்கும் எட்டுப் படிகள் அமைத்திருக்கிறேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் அந்தத் தோற்றத்தைக் கெடுத்ததால் அதைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். பசுமைக் கட்டடத் தரச்சான்றுகளைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். வரைபடங்களை இணைத்துள்ளேன்.

க.

அன்புள்ள க.,

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிறபோக்கில் தகவலாகச் சொன்ன ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. சில காலமாகவே நான் படிகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வயது ஏற ஏறக் கட்டடக்கலை முழங்கால் வழியாகவே புரிகிறது.

விட்ருவியஸ் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த மூன்றை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்தையும் நியாயப்படுத்திவிடலாம் என்பதால், வரைபட மேசையில் உட்காரும்போது அவை அதிகம் உதவுவதில்லை. தரச்சான்றுகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாலை வெயில் நேராக விழும் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக வைத்துவிட்டுச் சான்றிதழைப் பற்றி விசாரிக்கும் உங்கள் துணிச்சலை மட்டும் வியக்கிறேன்.

உங்கள் முகப்புப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். படிகளில் நீங்கள் நிறுத்தியிருக்கும் மனிதர்கள் எல்லாரும் ஒல்லியானவர்கள், இளைஞர்கள். ஒருவர் கையில்கூடக் கனமான பை இல்லை. இடுப்பில் குழந்தையோடு யாரும் இல்லை; கைத்தடியும் இல்லை, மழையும் இல்லை. கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் உருவங்கள் அவை, நீங்கள் தேடி எடுத்தவை அல்ல என்று அறிவேன். ஆனாலும் அவர்களைப் படத்தில் வைத்த பிறகு அந்தப் படிகளில் ஏற வேறு யாரும் வரப்போவதில்லை என்று நீங்களே நம்பத் தொடங்கிவிட்டீர்கள்.

கணக்குக்கு வருவோம். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் எட்டுப் படிக்கு 1.2 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம் என்ற சாய்வில் அந்த உயரத்தை ஏறச் சாய்தளம் 14.4 மீட்டர் ஓட வேண்டும். இடையில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம், திரும்புவதற்கு இடம், இருபுறமும் கைப்பிடி எல்லாம் சேர்ந்தால் அது உங்கள் நூலகத்தின் மிகப் பெரிய உறுப்புகளில் ஒன்று. அவ்வளவு பெரிய ஒன்றை எல்லாம் முடிந்தபின் சேர்க்க முயன்றால் அது முகப்பைக் கெடுக்காமல் என்ன செய்யும்? சாய்தளம் அசிங்கமானதல்ல. கடைசியில் நினைவுக்கு வந்த எதுவும் அசிங்கமாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை: தரையை ஏன் 1.2 மீட்டர் உயர்த்தினீர்கள்? வெள்ளம் வருமென்றால் வாசலுக்கு முன்னுள்ள நிலத்தையே மெல்ல மெல்ல மேடாக்கிக் கொண்டுவரலாம்; படியே வேண்டாம். வேறு காரணம் இல்லையென்றால், கம்பீரம் என்ற பெயரில் வருபவரைக் கொஞ்சம் சிறிதாக்கிப் பார்க்கும் பழைய நீதிமன்ற, அரண்மனை வழக்கத்தை நூலகத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

என் தந்தை பக்கவாதத்துக்குப் பின் தடியூன்றி நடந்தார். ஓய்வூதியம் தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். முன்வாசலில் அகலமான கருங்கல் படிகள், கைப்பிடி கிடையாது. காவலர் நல்ல மனிதர். பின்னால் வழி இருக்கிறது என்று தானே கூட்டிச் சென்றார். ஜெனரேட்டரைக் கடந்து, உடைந்த நாற்காலிகள் குவித்திருந்த இடைவெளி வழியே, சரக்கு இறக்கும் கதவுக்குப் போனோம். அது உள்ளே பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் வரும்வரை அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனவர் அவர். அன்றைக்கும் போட்டிருந்தார். அந்த இடத்தைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அதன் பிறகு கையெழுத்திட்ட தாள்களை என்னிடம் கொடுத்தனுப்பினார், தான் வரவில்லை. விதிமுறைப்படி பார்த்தால் அந்தக் கட்டடத்துக்கும் வழி இருந்தது.

விதிமுறையை நம்பி ஏமாறுவது மாணவர்கள் மட்டுமல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 2019இல் ஹன்டர்ஸ் பாயின்ட் நூலகம் திறக்கப்பட்டது. ஸ்டீவன் ஹோல் நிறுவனத்தின் வடிவமைப்பு, 4 கோடி டாலருக்கு மேல் செலவு, ஆற்றைப் பார்த்த பெரிய சன்னல்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் புனைகதை நூல்கள் படிக்கட்டை ஒட்டி மேலேறும் மூன்று தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. லிப்ட் இருந்தும் அந்தத் தட்டுகளில் அது நிற்கவில்லை. ஊழியரிடம் சொன்னால் எடுத்துத் தருவார் என்று முதலில் பதில் வந்தது. அடுத்து வழக்கு வந்தது. நூல்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990இலேயே இயற்றப்பட்டுவிட்டது என்பதை மறக்க வேண்டாம். 'எடுத்துத் தருவார்' என்ற பதிலில் உள்ள அலட்சியம் உங்களுக்குப் புரிகிறதா? எந்த நூல் வேண்டும் என்று முன்பே தெரிந்து வருபவருக்குத்தான் அது உதவும். ஒன்றைத் தேடப்போய் பக்கத்திலிருந்த இன்னொன்றை உருவி, நின்றபடியே நான்கு பக்கம் படித்து, பிடிக்காமல் திரும்பச் செருகும் சுதந்திரத்துக்காகத்தானே திறந்த அடுக்குகள்?

இதைப் படித்துவிட்டு, படியையும் சாய்தளத்தையும் கலந்து சாமர்த்தியமாக ஒன்றை வரையத் தோன்றும். கனடாவில் வான்கூவர் நகரின் ராப்சன் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் ஆர்தர் எரிக்சன் படிகளைக் குறுக்காக வெட்டிச் செல்லும் சாய்தளத்தை அமைத்தார். படத்தில் அபாரம். ஆனால் சாய்தளத்தின் ஓரத்தில் கைப்பிடி இல்லை, பார்வை குறைந்தவருக்குப் படி எங்கே முடிகிறதென்று தெரிவதில்லை என்ற குற்றச்சாட்டுகள் இன்றும் தொடர்கின்றன. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

உங்களிடம் திறமை இல்லை என்று சொல்லவில்லை. சிறுவர் பகுதியில் சன்னல் அடிக்கட்டையைத் தாழ்த்தி அதையே இருக்கையாக்கியிருக்கிறீர்கள். அதை வரைந்தபோது நீங்கள் ஒரு குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். பின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனையைக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ இப்படித்தான் வடிவமைத்தார். 1933இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், நோயாளி நாளெல்லாம் பார்த்துக் கிடப்பது கூரையைத்தான் என்பதால் அதற்குக் கண்ணை உறுத்தாத நிறம் பூசப்பட்டது. அறைக்கு இருவர், ஒருவர் கைகழுவினால் மற்றவர் விழித்துக்கொள்ளக் கூடாது என்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும் சாய்வில் தொட்டியை வடித்தார்கள். படுத்திருப்பவரின் இடத்திலிருந்து யோசித்ததால் அந்தக் கட்டடத்தின் அழகு எங்கும் குறைந்துவிடவில்லை.

சிறுவர்களுக்குக் காட்டிய அந்த அக்கறையை வாசலுக்கும் கொண்டுவாருங்கள். தரையை இறக்குங்கள். எல்லாரும் ஒரே கதவு வழியாக வரட்டும். அந்தக் கதவு இரண்டு ஆள் தள்ளும் கனமான கண்ணாடியாக இருக்க வேண்டாம். உள்ளே நுழைந்தவருக்கு யாரிடம் கேட்பது, எங்கே உட்காருவது, கழிவறை எந்தப் பக்கம் என்பது நின்ற இடத்திலிருந்தே தெரிய வேண்டும். உங்கள் வரைபடத்தில் கழிவறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது, அதையும் கவனியுங்கள். மாற்றி வரைந்தபின் எனக்கு அனுப்புங்கள். முகப்புப் படம் வேண்டாம், தரைத்தள வரைபடமும் குறுக்குவெட்டும் போதும்.