குகைக்குள் ஒரு குரல்

கேள்வி: பெரிய லாடமூக்கு வௌவால் எங்கெல்லாம் வாழ்கிறது? குகை வாசலில் கருவி வைத்தும் அதன் ஒலி எனக்குப் பிடிபடவில்லை, ஏன்?

பதில்: தென்மேற்கு இங்கிலாந்து, வேல்ஸ் தொடங்கி தெற்கு ஐரோப்பா, வடமேற்கு ஆப்பிரிக்கா, மேற்காசியா வழியாக மத்திய ஆசியா வரை பரவிய இனம். குளிர்காலத்தில் குகைகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் சிறகைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு தொங்கும். ஐரோப்பாவில் இது வாழும் பரப்பின் வடபகுதியில் கோடைக்குப் பழைய கட்டடங்களின் கூரையடியே பெரும்பாலும் பிடிக்கும்.

உங்கள் கருவியை 45 கிலோஹெர்ட்ஸில் வைத்திருந்தால் எதுவும் கேட்காது. ஐரோப்பாவில் இதன் ஒலி ஏறக்குறைய 80 முதல் 83 கிலோஹெர்ட்ஸ். ஹெட்டரோடைன் கருவியை (நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும் சுருதிக்குத் தாழ்த்தித் தரும் கருவி) 82-க்குத் திருப்புங்கள். நடுங்கி நெளியும் சீழ்க்கை போலக் கேட்கும். பதிவு செய்வதானால் வினாடிக்கு 1,92,000 மாதிரியாவது (ஒலியைக் கருவி அளந்து பதியும் தடவைகள்) வேண்டும். சாதாரண ஒலிப்பதிவுக் கருவியின் 44,100 போதவே போதாது. இவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் சட்டென்று தேய்ந்துவிடும், அதுவும் மூக்கு வழியாக ஒரே திசையில் பாய்வது. எனவே பறக்கும் பாதைக்கு நேராக, சில மீட்டர் தூரத்தில் மைக்கைத் திருப்பி வையுங்கள்.

இதில் அற்புதம் ஒன்று உண்டு. முன்னோக்கிப் பறக்கும்போது டாப்ளர் விளைவால் எதிரொலியின் சுருதி ஏறும். வௌவால் தன் குரலை அதற்கேற்பத் தாழ்த்தி, எதிரொலியைத் தன் காது மிகக் கூர்மையாக உணரும் அலைவெண்ணிலேயே நிறுத்திக்கொள்கிறது. அந்துப்பூச்சியின் சிறகடிப்பு, அசையாத அந்த எதிரொலியில் சிறு மினுக்கங்களாகத் தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில் மட்டும் குகைக்குள் போகாதீர்கள். தூக்கம் கலையும் ஒவ்வொரு முறையும், வசந்தம்வரை தாங்க வேண்டிய கொழுப்பு கரைகிறது.