நானோகம்பி பூசிய செல் ஏன் ஷார்ட் ஆகிறது?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் கண்ணாடியில் வெள்ளி நானோகம்பி மை பூசி 150 டிகிரி செல்சியஸில் காயவைத்தேன். மின்தடை சதுரத்துக்கு 15 ஓம்தான். ஆனால் அதன்மேல் செய்த ஆர்கானிக் சோலார் செல்களில் பத்துக்கு எட்டு ஷார்ட். இன்னும் அதிகம் சூடாக்கவா, ஐடிஓ (ஒளி புகும், மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடிக்கே திரும்பிவிடவா? அடுத்து பெரோவ்ஸ்கைட் செல்லும் செய்ய ஆசை.

பதில்: 15 ஓம் நல்ல அளவுதான். எனக்குச் சந்தேகமெல்லாம் உங்கள் படலத்தின் உயரத்தின் மேல்.

கம்பியின் தடிமன் 60 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பிகள் குறுக்கே விழுந்த இடத்தில் 120. மூன்றாவது ஒன்று ஏறிப் படுத்தால் 180. அதன்மேல் நீங்கள் பூசும் ஆர்கானிக் படலமோ சுமார் 100 நானோமீட்டர்தான். ஒரே ஒரு நுனி துருத்திக்கொண்டு மேலே உள்ள உலோகத்தைத் தொட்டாலும் அந்தச் செல் போச்சு. ஐடிஓ வழவழப்பானது, அதில் இந்தத் தொல்லை இல்லை.

அதற்காக உடனே பழியைக் கம்பி மேல் போட்டுவிடாதீர்கள். அதே நாளில், அதே ஆர்கானிக் கரைசலைக் கொண்டு, நானோகம்பி இல்லாமல், ஐடிஓ கண்ணாடியிலும் நாலு செல் செய்து பாருங்கள். அவையும் ஷார்ட் ஆனால் காரணம் தூசி அல்லது படலத்தில் ஊசித்துளை. இன்னொன்று, மேல் மின்முனையின் கால் (இணைப்புக்காக வெளியே நீளும் பகுதி) இறங்கும் ஓரத்தில் கம்பி மிச்சம் இருக்கிறதா? அந்த ஓரத்தில் ஐடிஓவை அமிலத்தில் அரித்து எடுப்போம். இங்கே மை காய்ந்ததும், சூடாக்கும் முன்பே, எத்தனால் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். பலர் மறப்பது இதைத்தான்.

இரண்டும் சரியாக இருந்தால் கம்பியை மூட வேண்டும். காங்கிரீட்டில் கம்பி வெளியே தெரியாமல் 'கவர்' விடுவார்களே, அதே வேலைதான். மின்சாரம் கடத்தும் பாலிமரான பெடாட்:பிஎஸ்எஸ், 40 நானோமீட்டரில் ஒரு பூச்சு போதாது. இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் உருவாகும் மின்னூட்டத்தைக் கம்பிவரை கொண்டுசேர்ப்பதும் இந்தப் பூச்சுதான், எனவே அதிகம் கடத்தும் ரகமாக வாங்குங்கள். அது அமிலத்தன்மை உள்ளது, நாளடைவில் வெள்ளியை அரிக்கும். தலைகீழ் அமைப்பில் (கீழ் மின்முனை எலக்ட்ரான்களைச் சேகரிக்கும் அமைப்பு) செல் செய்தால் அதற்குப் பதில் துத்தநாக ஆக்சைடு பூசலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கம்பியை வழவழப்பான கண்ணாடியில் பூசி, மேலே புற ஊதா ஒளியில் இறுகும் பிசினை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுங்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் மேலே வரும். கம்பிகள் பிசினுக்குள் புதைந்து மட்டமாக இருக்கும்.

சூட்டை ஏற்ற வேண்டாம். கம்பிகளைச் சுற்றியுள்ள பிவிபி பாலிமர் விலகி, சந்திப்புகள் ஒட்டிக்கொள்ளத்தான் சூடாக்குகிறோம். அது உங்களுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது. வெள்ளியின் உருகுநிலை 961 டிகிரி, 250 வைத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். குழாயிலிருந்து விழும் மெல்லிய நீர்த்தாரை சொட்டுச் சொட்டாக உடைவது போல, மெல்லிய கம்பி உருகுவதற்கு வெகு முன்பே மணி மணியாகப் பிரிந்துவிடும். அப்புறம் மின்தடை 15 ஓமில் நிற்காது, எகிறிவிடும்.

ஐடிஓவுக்குத் திரும்பலாமா? கண்ணாடியில் மட்டும்தான் செல் செய்யப்போகிறீர்கள் என்றால், தாராளமாக. வெள்ளி ஐடிஓவைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாகக் கடத்தும் என்றாலும் கண்ணாடியில் அதனால் பெரிய லாபம் இல்லை. 2008-இல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் வெள்ளிக் கம்பி வலையை ஆர்கானிக் செல்லில் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து இதன்மேல் இருக்கும் ஆர்வத்துக்கு முக்கியக் காரணம், வளையும் பிளாஸ்டிக். அங்கே ஐடிஓவை நன்றாகச் சுடவும் முடியாது. இரண்டு மூன்று சதவீதம் இழுத்தாலே விரிசல் விடும்.

பெரோவ்ஸ்கைட்டைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். அதிலுள்ள அயோடைடு வெள்ளியைத் தின்று வெள்ளி அயோடைடாக்கிவிடும். மேலே சொன்ன துத்தநாக ஆக்சைடும் இங்கே உதவாது. சூடுபட்டால் மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட்டை அதுவே சிதைக்கும். இடைவெளியில்லாத டின் ஆக்சைடு படலம் போட உங்கள் ஆய்வகத்தில் வசதி இருந்தால் மட்டும் இறங்குங்கள்.