கால் இடறுவதற்குக் காரணம் கவனக்குறைவுதானா?

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. தினமும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே சென்று வருபவர். சில மாதங்களாக வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கால் தடுக்குகிறது. குளியலறை வாசலிலும் கூடத்தில் கிடக்கும் கால்மிதியிலும் இடறி விழப் பார்த்தார். அண்மையில்தான், தூரப்பார்வைக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக வரும் புரோகிரெஸிவ் கண்ணாடிக்கு மாற்றினோம். “கீழே பார்த்து நடம்மா” என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இதற்காகத் தாயாரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். சமதரையில் நடக்கும்போது, முன்னோக்கி வீசும் காலின் நுனி தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகிறது. அந்தக் கணத்தில் பாதம், நாம் நடக்கும் வேகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பாய்கிறது. இளையவர்களுக்கும் இதே நிலைதான். ஆனால் அவர்கள் இடறினால் மறுகாலைச் சட்டென்று முன்னே ஊன்றிச் சமாளித்துவிடுவார்கள். வயது ஏறும்போது அந்த விரைவும் தொடை வலுவும் குறைவதால், அதே இடறல் விழுகையாக முடிகிறது.

ஆகவே பெரிய பொருளைவிடச் சிறிய பொருளுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். வழியில் குடம் இருந்தால் எவரும் விலகிப் போவார்கள். சுருண்டு நிற்கும் கால்மிதியின் ஓரமும், கூடத்தின் குறுக்கே இழுத்துவிட்ட எக்ஸ்டென்ஷன் ஒயரும், ஓர் அங்குல உயரக் கிரானைட் தடுப்பும் கண்ணில் பட்டாலும், காலைக் கூடுதலாகத் தூக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

உங்கள் குளியலறை வாசலைச் சற்று உற்றுப் பாருங்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்கப் பதித்த அந்தத் தடுப்பு, பெரும்பாலும் தரை ஓட்டின் நிறத்திலேயே இருக்கும். மேலிருந்து பார்க்கும் முதிய கண்ணுக்கு அது தரையோடு தரையாகக் கலந்துவிடும். தலைவாசல் நிலைப்படிக்கு மஞ்சள் பூசும் வீடுகளில் அந்தப் படி பளிச்சென்று தெரிகிறது. உள்ளே இருக்கும் இந்தத் தடுப்புக்குத்தான் எவரும் ஒரு கோடுகூடப் போடுவதில்லை. அதன் மேல்விளிம்பு நெடுகத் தரைக்கு மாறான நிறத்தில் வண்ணம் பூசுங்கள், அல்லது வழுக்காத பட்டை ஒட்டுங்கள். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்துங்கள். முதலில் வைக்கும் கால் தாண்டிவிட, பார்வைக்கு எட்டாமல் பின்னால் வரும் கால் அதில் மாட்டுவதும் உண்டு. பிடிக்க ஒன்று இருந்தால் விழாமல் தப்பலாம். கால்மிதியைப் பொறுத்தவரை, அடியில் ரப்பர் இல்லாததை அகற்றிவிடுவதே நல்லது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுதும் சிறு விளக்கு எரியட்டும்.

கண்ணாடி மாற்றிய பிறகு இது தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புரோகிரெஸிவ், பைஃபோகல் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் தரை மங்கலாகத் தெரியும். “கீழே பார்த்து நட” என்னும் அறிவுரை அவரை அந்த மங்கலுக்குள்தான் தள்ளுகிறது. இரண்டு எட்டு முன்னால் பார்த்து நடப்பதே இயல்பு. காலடியைப் பார்த்து நடப்பவருக்கு, எதிரில் வரும் தடை தாமதமாகத்தான் தெரியவரும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமாக வெளியே சென்றுவரும் முதியோருக்குத் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி கொடுத்தபோது அவர்கள் விழுவது குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. தினமும் நடப்பவர் என்பதால், உங்கள் தாயாருக்கு இது பொருந்துமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டைச் சீர்செய்த பின்னும் இடறல் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். எப்போதும் ஒரே கால் தடுக்குகிறதா, நடை குறுகித் தேய்த்து நடக்கிறாரா, செருப்பு கழன்றுபோவதே தெரியாமல் நடக்கிறாரா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம், பாத நரம்புகள் உணர்விழப்பதன் அடையாளம். தூக்க மாத்திரை எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். போகும்போது அவர் நாள்பட அணிந்த செருப்பையும் கொண்டு செல்லுங்கள். ஒரு செருப்பின் நுனி மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், எந்தக் கால் சரியாக உயரவில்லை என்பதை மருத்துவர் ஊகிக்க அது உதவும்.