கிணறு எந்த மாதம் உப்பானது?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். பழவேற்காடு பக்கம் இரண்டு ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. பக்கத்து நிலத்துப் பங்காளி முன்பு கடல் ஏற்றத்தில் வரும் ஓதத் தண்ணீரை மடை வழியாக விட்டு இறால் வளர்த்தார். இப்போது மோட்டார், தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் வைத்து வனாமி ரக இறால் வளர்க்கிறார். எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. கேட்டால் அடிக்க வருகிறார். அப்பா மனமுடைந்து படுத்துவிட்டார். கலெக்டரிடம் மூன்று மனு கொடுத்தும் பயனில்லை. பண்ணையை மூட வைக்க முடியுமா?

பதில்: அப்பாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் பங்காளிப் பகையும் அவர் அடிக்க வந்ததும் இந்த வழக்குக்கு உதவாது. வழக்குக்கு வேண்டிய ஒரே விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை: கிணறு எந்த மாதம் உப்புக் கரிக்கத் தொடங்கியது?

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் பண்ணைக்கு எதிராக உத்தரவு கேட்க, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். நஷ்டஈடு கேட்க 5 வருடம். இரண்டிலும் தாமதத்தை 60 நாள் வரை மன்னிக்கலாம், அதற்கு மேல் வழியில்லை. கலெக்டர் மனு இந்தக் கணக்கை நிறுத்தாது. என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இரக்கம் வரட்டும் என்று "பல வருடங்களாக அவதிப்படுகிறோம்" என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். உங்கள் மூன்றாவது மனுவிலும் அது இருக்கிறது. பாதிப்பு தினமும் தொடர்கிறது என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

காரணத்தை நிரூபிக்கவும் அதே தேதிதான் வேண்டும். ஓதத்தோடு ஏறி இறங்கும் பழைய முறையில் இறாலும் குறைவு, தீவனமும் அநேகமாக இல்லை. இப்போது உப்புத்தண்ணீர் மாதக்கணக்கில் தேங்குகிறது. அடியில் ஷீட் விரிக்காத குட்டை என்றால் கசியும். அறுவடையில் தீவன மிச்சமும் கழிவும் வாய்க்காலுக்குப் போகும். உச்ச நீதிமன்றம் 1996-இல் ஜெகந்நாத் வழக்கில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கடலோரத்தில் பாரம்பரிய முறையையும் அதில் சற்று மேம்பட்டதையும் மட்டும் விட்டது. ஆனால் 2005-இல் இந்தப் பண்ணைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி பதிவு பெற்றவரை அந்தத் தீர்ப்பைக் காட்டி மூட வைக்க முடியாது. உங்கள் பங்காளி பதிவு செய்திருக்கிறாரா என்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் கேளுங்கள், அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.

அவர் தரப்பு சொல்லப்போவதும் தெரிந்ததுதான்: மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டு பழைய கதை, உங்கள் உப்பு கடலின் உப்பு. கிணற்றுச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும் படம் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் தேதி இல்லை. வி.ஏ.ஓ.விடம் பழைய அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு) நகல் வாங்குங்கள். எந்தப் பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) வரை நெல் விளைந்தது என்று அதில் இருக்கும். அவர் முறை மாற்றிய பிறகுதான் நெல் நின்றது என்றால் அதுதான் உங்கள் வழக்கு.

6 மாதமும் அந்த 60 நாளும் தாண்டியிருந்தால் மூடுகிற பேச்சை விட்டுச் சமரசத்துக்குப் போங்கள். குட்டைக்கு ஷீட் போடட்டும், வரப்போரம் கசிவு வாய்க்கால் வெட்டட்டும், கழிவை உங்கள் பக்கம் விடக்கூடாது. இன்றைய தண்ணீர்ப் பரிசோதனை முடிவையும் சேர்த்து எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பேச்சு நடக்கும்போதும் அந்த 5 வருடம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மாதத்தில் முடியாவிட்டால் நஷ்டஈட்டு மனுவைப் போட்டுவிடுங்கள்.