மழைக்குக் காசு திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: போன கோடையில், பிரபலப் பாட்டுகளின் வார்த்தையை மாற்றிக் கேலியாகப் பாடும் அமெரிக்கப் பாடகர் 'வியர்ட் அல்' யான்கோவிக்கின் கச்சேரிக்கு மனைவியோடு போனேன். திறந்தவெளி அரங்கு, எங்களுக்குக் கூரைக்கு வெளியே புல்தரை டிக்கெட். ஆரம்பித்த பத்தாவது நிமிடம் மழை. குடைக்கு அனுமதி இல்லை, பணமும் திரும்பக் கிடையாதாம். அவரோ அடிக்கடி உடை மாற்ற உள்ளே ஓடிவிடுகிறார், அதுவரை திரையில் வீடியோ ஓடுகிறது. கடைசியில் ஸ்டார் வார்ஸ் சினிமாவைப் பற்றிய அந்தப் பாட்டுகளுக்கு மனைவி உட்பட மொத்தப் புல்தரையும் சேர்ந்து பாடியது, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் "அடுத்தவன் மெட்டுல வார்த்தைய மாத்திப் பாடுறவருக்கா இவ்வளவு?" என்று மனைவி இன்றுவரை கேட்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?
- ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: புல்தரை டிக்கெட் ஏன் மலிவு என்று வாங்கும்போது யோசித்திருக்க வேண்டும். மழையோ வெயிலோ கச்சேரி நடக்கும் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள், அதை யாரும் படிப்பதில்லை, நானும்தான். குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது, அதனால் தடை. பிளாஸ்டிக் மழைக்கோட்டு இரண்டு மடித்துப் பையில் போட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நம் ஊர்த் திருவிழாவில் தூறல் விழுந்தால் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள், கீபோர்டு மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அடியில் கையை விட்டு வாசிப்பார்கள், யாரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லை.

நனைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது யான்கோவிக் மாட்டியிருந்த அக்கார்டியன்தான், ஆர்மோனியம் மாதிரித் துருத்தி வைத்து, தோளில் மாட்டி வாசிக்கிற வாத்தியம். பெரிய அளவு அக்கார்டியன் பத்து கிலோ வரும். உள்ளே எஃகு நாக்குகள், தோல் பட்டைகள், மெழுகு, மடித்த அட்டையில் துருத்தி. எல்லாமே ஈரத்துக்கு ஆகாத சாமான். 1959-இல் பிறந்த மனிதர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குதிக்கிறார், நீங்கள் உடை மாற்றும் இடைவெளியைக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

சரி, உங்கள் மனைவியின் கேள்விக்கு வருவோம். உங்கள் கேள்வியைவிட அதுதான் உருப்படியானது. வார்த்தையை மாற்றிப் பாடுவது விடுதி மாணவன் குளியலறையில் செய்கிற வேலை என்று அவர் நினைத்தால் அதில் தப்பே இல்லை, யான்கோவிக் தொடங்கியதும் ஏறக்குறைய அங்கேதான். 1979-இல் தன் கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிவறையில், எதிரொலி நன்றாக இருக்கிறது என்று, அக்கார்டியனோடு உட்கார்ந்து பாடிப் பதிவு செய்தார். அடுத்த வருடம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நேரலை. டிரம்ஸ் இல்லை. அன்றைக்கு அங்கே அறிமுகமான ஜான் ஷ்வார்ட்ஸ் என்பவர் அக்கார்டியன் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார். அப்புறம் பத்து வருடம், இருபது வருடம், நாற்பது வருடம் ஆகியும் அவர்தான் இவருக்கு டிரம்ஸ்.

மெட்டு அடுத்தவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெட்டு மயிரிழை பிசகினாலும் சிரிப்பு வராது. ராப் பாடகரின் அதே வேகம், ராக் பாடகரின் அதே கத்தல், மைக்கேல் ஜாக்சனின் அதே விக்கல், இதெல்லாம் அச்சு அசலாக வந்தால்தான் மாற்றிய வார்த்தை உறைக்கும். ஒரே குழு ஒரே ராத்திரியில் பத்துக் குழுவாக வேஷம் கட்ட வேண்டும், தொண்டையும் கூடவே மாற வேண்டும். சோகப் பாட்டில் பிசிறு தட்டினால் உருக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம், நகைச்சுவைப் பாட்டில் அந்த வழியும் கிடையாது.

இன்னொன்று, 'அடுத்தவன்' என்கிறாரே, அந்த அடுத்தவனைக் கேட்காமல் இவர் தொடுவதில்லை. பகடிப் பாட்டு 'நியாயமான பயன்பாடாக', அதாவது அனுமதி இல்லாமலே சட்டப்படி செய்யக்கூடியதாக, இருக்கலாம் என்று 1994-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனாலும் கேட்கிறார். பாடகர் பிரின்ஸ் கடைசிவரை சம்மதிக்கவில்லை, இவரும் விட்டுவிட்டார். பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி, தன் பாட்டைக் கோழிக்கறிப் பாட்டாக ஆக்கச் சைவக்காரனான நான் எப்படிச் சம்மதிப்பேன் என்றார், அதையும் விட்டுவிட்டார். நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனிடம் கேட்டபோது, இதுவும் சாப்பாட்டுப் பாட்டா என்று அவர் கேட்டாராம். இல்லை, நீங்கள் பாடுவது ஒருவருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றி என்றதும் உடனே சரி என்றுவிட்டார். ராப் பாடகர் கூலியோ விஷயத்தில் மட்டும் சறுக்கல். அனுமதி கிடைத்தது என்று இவர் தரப்பு நம்பியிருக்க, நான் தரவேயில்லை என்றார் அவர். அதிலிருந்து சம்பந்தப்பட்டவரிடமே நேரடியாகக் கேட்டுவிடுகிறார்.

பாடகர் டான் மெக்லீன் கதையையும் வீட்டில் சொல்லுங்கள். அவருடைய புகழ்பெற்ற 'அமெரிக்கன் பை' மெட்டில்தான் இவர் 1999-இல் ஸ்டார் வார்ஸ் கதையைப் பாடினார், நீங்கள் கடைசியில் கேட்ட பாட்டுகளில் ஒன்று. மெக்லீனின் பிள்ளைகள் அதை வீட்டில் ஓயாமல் போட்டுக் கேட்டு, மேடையில் தன் சொந்தப் பாட்டைப் பாடும்போது இவருடைய வரிகள் வாய்க்கு வந்துவிடப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

காசு திரும்ப வராது, அதை மறந்துவிடுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கொட்டுகிற மழையில், புல்தரையில் நின்றுகொண்டு, உங்கள் மனைவியும் சேர்ந்து பாடினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு அந்த வரிகள் எப்படித் தெரிந்தன? கேட்டு எழுதுங்கள்.