புதிய ஏற்பாட்டு நிருபங்கள் (கடிதங்கள்): வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பவுலின் நிருபங்களில் ரோமர் முதலில் இருப்பதால் அவர் முதலில் எழுதியது அதுதானா?

இல்லை. அடுக்கியது நீளத்தை வைத்து. சபைகளுக்கு எழுதிய 9 நிருபங்கள் முன்னால், தனி ஆட்களுக்கு எழுதிய 4 பின்னால். இரண்டு வரிசையிலும் ஏறக்குறையப் பெரியதிலிருந்து சிறியதுக்கு. அதனால்தான் 25 வசனமே உள்ள பிலேமோன் கடைசியில். காலப்படி வாசிக்க 1 தெசலோனிக்கேயரில் தொடங்குங்கள் (சுமார் கி.பி. 50). அடுத்து எபேசுவிலிருந்து எழுதிய 1 கொரிந்தியர், அப்புறம் 2 கொரிந்தியர், பிறகு ரோமர். கலாத்தியரை எங்கே வைப்பது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

ரோமர் 16:22-ல் "எழுதின தெர்தியு" என்கிறதே, பவுல் எழுதவில்லையா?

பவுல் சொல்ல, தெர்தியு எழுதினார். அந்தக் கால வழக்கம் அது. முடிவில் மட்டும் அனுப்புகிறவர் தம் கையால் சில வரி சேர்ப்பார். கலாத்தியர் 6:11, 2 தெசலோனிக்கேயர் 3:17 பாருங்கள்.

விசுவாசம் போதும் என்கிறார் பவுல், போதாது என்கிறார் யாக்கோபு. யார் சரி?

ரோமர் 3:28-ஐயும் யாக்கோபு 2:24-ஐயும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை மூளும். இரண்டிலும் "கிரியை" என்று இருந்தாலும் பொருள் வேறு. பவுல் சொல்வது "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்", அதாவது மோசேயின் சட்டம் கேட்கும் செயல்கள். புறஜாதியார் (யூதரல்லாதவர்கள்) விருத்தசேதனம் பண்ணித்தான் உள்ளே வரவேண்டுமா என்பது அவர் முன் இருந்த வழக்கு. யாக்கோபுக்கு முன் நிற்பதோ உடுப்பும் சோறும் இல்லாத சகோதரன். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களைத்தான் அவர் கண்டிக்கிறார். விசுவாசம் என்பதும் அங்கே பிசாசுகளுக்கும் உள்ள வெறும் ஒப்புதல் (2:19). ஆபிரகாமை இருவருமே சாட்சிக்கு அழைக்கிறார்கள்: பவுல் ஆதியாகமம் 15-ஐ வைத்து, யாக்கோபு அதை 22-ஆம் அதிகாரத்து ஈசாக்கின் பலியோடு சேர்த்து. பவுலே கலாத்தியர் 5:6-ல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்கிறார். பிரசங்கத்தில் இந்த வசனத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம்.

1 யோவான் 5:7 பழைய மொழிபெயர்ப்பில் ஒரு மாதிரி, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் வேறு மாதிரி. ஏன்?

"பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது. லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, 1522-ல் சேர்த்தார். பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பதிப்பு மரபில் வந்தது. திரித்துவத்துக்கு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்பதற்கு) ஆதாரம் காட்ட இந்த வசனத்தை எடுக்காதீர்கள். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 இருக்கின்றன.